நீண்ட பலகையின் முனையில் நேரான துளை

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், தச்சுப் பயிற்சி மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இரண்டு நாட்களாக இம்மேடையில் பெரிய பொருள்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசினார்கள். எங்களுக்குரியது சிறிய பொருள். நீண்ட பலகை ஒன்றின் முனையில், அதன் கனத்திற்குள்ளே, கோணாமல் ஒரு துளை இடுவது எவ்வாறு என்பதே அது. நிகழ்ச்சி நிரலை அச்சிடக் கொடுத்தபோது, தலைப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அச்சகத்தார் திருப்பிக் கேட்டார்களாம். ஒன்றும் விடுபடவில்லை. பட்டறையில் பணி செய்யும் நாங்கள் மூவரும் கூடிப் பேசித்தான் இப்பொருளைத் தேர்ந்தோம். பேசுவது ஒரு வாயாயினும், சொல்லப்படுவது மூவரும் கற்றது. மூவரும் கெடுத்த பலகைகளிலிருந்து கற்றது.

நம் வாசகசாலையின் சுவரை ஒட்டி நிற்கும் புத்தக அலமாரியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதன் தட்டுகள் 7 அடி நீளம், 10 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். நடுவே ஒரு தாங்குசட்டம் உண்டு; அது இல்லையேல் அவ்வளவு நீளமான தட்டு புத்தகப் பாரத்தில் தொய்ந்துவிடும். தட்டுகள் பக்கப் பலகைகளோடு சேரும் இடத்தில் ஓர் ஆணித் தலைகூட வெளியே தெரியாது. தட்டின் முனையில் மூன்று துளைகள், பக்கப் பலகையில் அவற்றிற்கு நேராக மூன்று துளைகள், இடையே மூன்று மரமுளைகள். அவ்வளவே. ஆனால் கீழிருந்து இரண்டாவது தட்டை நெருங்கிப் பார்த்தால், முனையில் விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பும் அதில் ஊட்டிய பசையும் தெரியும். விற்பதற்கென்று செய்யப்பட்டு, திரும்பி வந்த அலமாரி அது.

சங்கம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, ஒரு பள்ளிக்கு நான்கு அலமாரிகள் செய்யும் வேலை நமக்குக் கிடைத்தது. அதுவரை முக்காலியும் கரும்பலகைத் தாங்கியும் செய்துவந்த பட்டறைக்கு அது பெரிய வேலை. கணக்குப் பாருங்கள். ஓர் அலமாரிக்கு 5 தட்டுகள். தட்டுக்கு 2 முனைகள். முனைக்கு 3 துளைகள். நான்கு அலமாரிகளுக்கு முனைத்துளைகள் மட்டும் 120. பக்கப் பலகைகளில் இன்னும் ஒரு 120. இவ்வளவையும் கண்மதிப்பில் இட்டோம். கை பழகிவிட்டால் துளை தானே நேராக விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், நாங்களும் நம்பினோம். பூட்டுகிற நாளில் உண்மை வெளிப்பட்டது. இரண்டு முளை இறங்கினால் மூன்றாவது இறங்காது. இறங்காததைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினோம், பலகை வெடித்தது. வெடிக்காத அலமாரிகளோ நான்கு மூலையும் தரையில் படியாமல், மூன்று மூலையில் நின்று ஆடின.

அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆடுகிற அலமாரியைக் குழந்தைகள் நடமாடும் அறையில் யார் வைப்பார்கள்? அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அனுப்பும்போது சொன்ன சொல்தான் தைத்தது. "ஆசாரி வேலையை ஆசாரிதான் செய்யவேண்டும், இவர்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றார்கள். வேலையில் பிழை என்றிருந்தால் தலைகுனிந்து ஏற்றிருப்போம். பிறப்பில் பிழை என்றார்கள். அதற்கு மறுமொழி கூற எங்கள் கையில் நேரான துளை ஒன்றுகூட இல்லை. வண்டியிலிருந்து அலமாரிகளை இறக்கி வைத்துவிட்டு அன்று மாலை மூவரும் பேசாமல் கலைந்தோம்.

தொழிலறிவு குருதியில் வருவது என்னும் கூற்றை மறுக்க நாம் தொலைவு போக வேண்டியதில்லை. இதே நீலகிரியில், சமவெளித் தச்சர்கள் மலையேறி வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கோத்தர்கள் ஏழு ஊர்களில் வாழ்ந்து, இரும்பையும் மரத்தையும் கையாண்டு, படகர்க்கும் தோடர்க்கும் வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தார்கள். அவர்தம் பெண்கள் மட்பாண்டம் வனைந்தார்கள். சமவெளியில் கொல்லர், தச்சர், குயவர் எனத் தனித்தனிப் பிறப்புகளுக்கு உரியனவாக வகுக்கப்பட்ட தொழில்கள், மலைமேல் ஒரே குடியினரின் கைகளில் இருந்தன. பிறப்புதான் தொழிலைத் தருகிறது என்றால், மலையேறியவுடன் அந்த விதி ஏன் மாறவேண்டும்? கற்றுக்கொடுக்க ஆளிருந்த இடத்தில் தொழில் இருந்தது; கதவு சாத்தப்பட்ட இடத்தில் இல்லாமற் போயிற்று.

இம்மலை நம் மக்களின் கல்விக் கோரிக்கைக்கும் பழைய இடம். அயோத்திதாசப் பண்டிதர் இங்கே வாழ்ந்தவர். திராவிட மகாஜன சபையின் சார்பில் 1891-இல் நீலகிரியில் கூடிய மாநாட்டில், நம் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் சென்னைக்குச் செல்வதற்கு முன் இம்மலையில் கணக்கராகப் பணிபுரிந்தவரே. கல்வி என்றவுடன் நம்மில் பலர் இன்றும் ஏட்டையும் எழுத்தையும் மட்டுமே நினைக்கிறோம். மூலைமட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்ப்பதும் கல்விதான் என்று சொல்லவே இன்று இங்கே நிற்கிறோம்.

எங்களுக்கு வழி காட்டியவர் குன்னூர்க் கடைவீதிக்குப் பின்புறம் பட்டறை வைத்திருந்த ஒரு முதிய ஆசாரி. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெடித்த தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன் வைத்தோம். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். துளைக்குள் ஒரு குச்சியை விட்டு அது சாய்கிற பக்கத்தைப் பார்த்தார். "தம்பிகளா, உங்க கையிலே கோளாறு இல்லே. கையை நம்பினதுதான் கோளாறு. நான் இத்தனை வருஷமா என் கையை நம்பினதே இல்லே" என்றார். பிறகு பரணிலிருந்து எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு சிறு கட்டையை எடுத்துக் காட்டினார். அந்தக் கட்டையைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறோம். அதற்கு முன், முனைத்துளை ஏன் கோணுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மரம் என்பது இறுகக் கட்டிய வைக்கோல் கற்றை போன்றது. நார்கள் யாவும் நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையின் முகத்தில் துளையிடும்போது கருவி நார்களைக் குறுக்கே அறுத்துச் செல்கிறது. எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்பு. முனையில் துளையிடும்போதோ, அது கற்றையின் அடிப்புறமாக வைக்கோல்களுக்கு நடுவே நுழைகிறது. மரத்தில் ஆண்டு வளையங்கள் உண்டல்லவா? வளையத்தில் ஒரு பகுதி மெத்தென்றும், அடுத்த பகுதி கெட்டியாகவும் இருக்கும். கெட்டியானது கருவியைத் தள்ளும். மெத்தென்றது இடம் கொடுக்கும். ஆகவே நாம் எவ்வளவு நேராகப் பிடித்தாலும், நுனி தனக்கு எளிதான பக்கமே வழுகும். இன்னொன்று. நுனியில் திருகு உள்ள பிட், பலகையின் முகத்தில் தானே பற்றி இழுத்துக்கொண்டு இறங்கும். முனையில் அத்திருகு நார்களை உதிர்த்துவிட்டுச் சும்மா சுற்றும். உடனே நாம் அழுத்தத் தொடங்குவோம். அழுத்தும்போதுதான் கை சாய்கிறது.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒட்டுப்பலகைப் பெட்டிகள் அடித்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெட்டிச் சட்டத்தின் முனையில் அடித்த ஆணி விரைவில் கழன்றுவிடும், பக்கவாட்டில் அடித்தது நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காரணம் இதே நார்தான். முனையில் ஆணியும் திருகாணியும் நார்களுக்கு நடுவே செருகி நிற்கின்றனவே தவிர, நார்களைப் பற்றி நிற்பதில்லை. மரமுளையின் கதை வேறு. முனையில் இட்ட துளையின் சுவர் முழுவதும் நீள நார். முளையும் நீள நார். இரண்டும் ஒரே திசை. ஆகையால் பசை அங்கே நன்றாகப் பிடிக்கும். முனையில் முளை வைப்பதற்கு அதுவே காரணம், துளை நேராக இருந்தால்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடப்படும் சில்வர் ஓக் நமக்கு எளிதில் கிடைப்பது; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்; இழைத்தால் அழகான பொறி தெரியும். நம் அலமாரிகள் அதில்தான் செய்யப்பட்டவை. கற்பூர மரம் மலிவு என்று ஆசைப்படாதீர்கள். உலரும்போது முறுகி வெடிக்கும்; தட்டுக்கு ஆகாது. எந்த மரமாயினும், அறுத்தபின் இடைக்கட்டை வைத்து அடுக்கி ஓராண்டேனும் நிழலில் உலரவிடுங்கள். நம் மலையின் ஈரம் நாம் அறிந்ததே. பலகை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. தட்டும் பக்கப் பலகையும் ஒரே மரமாய், ஒரே அளவு உலர்ந்ததாய் இருந்தால் இரண்டும் சேர்ந்து உப்பி, சேர்ந்து சுருங்கும். உலர்ந்த தேக்கில் பச்சை சில்வர் ஓக்கைப் பூட்டினால் அடுத்த கோடையில் முளை வரிசை ஒன்றையொன்று இழுத்துப் பலகையைக் கிழித்துவிடும். அது துளையிட்டவர் குற்றமன்று. ஆனால் பழி அவர்மேல்தான் விழும்.

இனி வேலைக்கு வருவோம். துளைக்கு முன் முனை. அறுத்த முனை செங்கோணமாக இல்லையேல் துளையைப் பற்றிப் பேசுவதே வீண். முனை ஒரே ஒரு பாகை கோணியிருந்தால், 6 அடி உயரமுள்ள பக்கப் பலகையின் தலை 1¼ அங்குலம் சாய்ந்து நிற்கும். எங்கள் முதல் அலமாரிகள் ஆடியதில் பாதிக் குற்றம் துளையில் இல்லை, அறுப்பில் இருந்தது என்பதைப் பிற்பாடுதான் கண்டோம். மூலைமட்டத்தை முகத்திலும் வையுங்கள், ஓரத்திலும் வையுங்கள். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இழைப்புளியால் சீவுங்கள். முனையைச் சீவும்போது விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சீவவேண்டும். வெளிநோக்கித் தள்ளினால் ஓரம் பிய்ந்துபோகும்.

அடுத்தது அடையாளம். ஒவ்வொரு பலகையிலும் ஒரு முகத்தையும் ஓர் ஓரத்தையும் தேர்ந்து பென்சிலால் குறியிடுங்கள். தட்டுக்கு மேல்முகமும் முன்னோரமும் என்று வைத்துக்கொள்வோம். அளவு அனைத்தும் இவ்விரண்டிலிருந்தே எடுக்கப்படவேண்டும். இதில்தான் நாங்கள் பெருந்தவறு செய்தோம். துளை பலகைக் கனத்தின் நட்டநடுவில் விழவேண்டும் என்று எண்ணி, நடுவைத் தேடித் தேடி ஒவ்வொரு முனையிலும் தனித்தனியே குறித்தோம். நடு தேவையே இல்லை. துளை நடுவைவிட்டு அரை நூல் விலகியிருந்தாலும், எல்லாத் துளைகளும் ஒரே முகத்திலிருந்து ஒரே தொலைவில் இருந்தால் பொருத்தம் தவறாது. ஒன்றை மேல்முகத்திலிருந்தும் மற்றொன்றைக் கீழ்முகத்திலிருந்தும் அளந்தால், அதே அரை நூல் பிழை இரட்டித்து ஒரு நூலாகும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கையே நூல் என்கிறோம். தட்டு ஒரு நூல் மேலேறி நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

இப்போது அந்தக் கட்டை. பட்டறைகளில் நிறுத்தி வைத்திருக்கும் தூண் டிரில் செங்குத்தாகத் துளையிடும். அதன் துளையில் கோணல் இல்லை. ஆனால் 7 அடிப் பலகையை அதன் கீழ் நிறுத்த முடியாது. சிறு கட்டையை வைக்கலாம். 10 அங்குல நீளமும் 2 அங்குலக் கனமும் உள்ள கெட்டியான பழைய தேக்குக் கட்டையை எடுத்து, தூண் டிரிலில் மூன்று துளை இடுங்கள். பிறகு அக்கட்டையைப் பலகையின் முனையில் வைத்துப் பிடித்து, அதன் துளை வழியே கைத்துரப்பணத்தையோ மின்துரப்பணத்தையோ விடுங்கள். பலகையை இயந்திரத்திடம் கொண்டுபோக முடியவில்லை. ஆகவே இயந்திரத்தின் நேர்மையைக் கட்டையில் வாங்கிக்கொண்டு பலகையிடம் வருகிறோம். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை ஜிக் என்பார்கள். நம் வகுப்பில் வழிக்கட்டை என்கிறோம்.

வழிக்கட்டையில் இரண்டு தடைகள் வேண்டும். மேற்பக்கம் ஒரு பட்டை. அது பலகையின் மேல்முகத்தில் அமரும். கோடியில் ஒரு பட்டை. அது முன்னோரத்தில் அணையும். இப்பட்டைகள் கட்டையின் இருபுறமும் அரை அங்குலம் நீண்டிருக்கவேண்டும். ஏனெனில் தட்டின் இடமுனையும் வலமுனையும் கண்ணாடியில் காணும் உருப்போல ஒன்றுக்கொன்று மாறியவை. தடைகள் இருபுறமும் இருந்தால் அதே கட்டையைத் திருப்பிப் பிடித்து இரு முனைக்கும் பயன்படுத்தலாம். ஒருபுறம் மட்டும் தடை வைத்து, வலமுனைத் துளைகளை எல்லாம் பின்னோரத்திலிருந்து இட்டு ஒரு நாள் உழைப்பை வீணாக்கியவர்கள் சொல்கிறோம், கேட்டுக்கொள்ளுங்கள். பக்கப் பலகையில் துளையிடும்போது மேல்தடையைக் கழற்றிவிட்டு, தட்டின் மேல்முகம் வரவேண்டிய கோட்டில் ஒரு நேர்ச்சட்டத்தைக் கிளாம்பு போட்டு இறுக்கி, கட்டையை அதோடு அணைத்து இடவேண்டும். அப்போது தட்டிலும் பக்கப் பலகையிலும் ஒரே மூன்று துளைகளின் நகல் விழுகிறது. மரக்கட்டைத் துளை நாளடைவில் அகலும். உள்ளே இரும்புக் குழல் செருகிக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். கோவைக் கடைகளில் இரும்பிலேயே செய்த வழிக்கட்டைகள் விற்கிறார்கள். வாங்குவதில் தவறில்லை. எனினும் முதற்கட்டையை ஒவ்வொரு மாணவரும் தம் கையால் செய்தாகவேண்டும் என்று வகுப்பில் வைத்திருக்கிறோம். செய்தவர்க்கே அது எங்கே பொய் சொல்லும் என்று தெரியும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். 1 அங்குலப் பலகைக்கு 3 நூல் பருமனுள்ள முளை போதும். பக்கப் பலகையில் 5 நூல் ஆழம். அதற்கு மேல் போனால் மறுபுறம் புடைக்கும். முளையின் நீளம் 2 அங்குலம், அதாவது 16 நூல். எஞ்சிய 11 நூல் தட்டின் முனைக்குள் இறங்க வேண்டும். பசை தங்க ஒரு நூல் இடம் விட்டு 12 நூல், அதாவது 1½ அங்குலம் துளையிடுங்கள். பிட்டில் இந்த ஆழத்தோடு வழிக்கட்டையின் 2 அங்குலத்தையும் கூட்டி, 3½ அங்குலத்தில் துணிப்பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். கூட்ட மறந்தவர்களின் துளை வழிக்கட்டைக்குள்ளேயே நின்றுவிடும். வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவராவது இதைச் செய்து நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். அரை அங்குலத்துக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். முனைத்துளையில் தூள் அடைத்துக்கொண்டால் பிட் சூடேறி, பக்கவாட்டில் தள்ளும். முளையின் நெடுகிலும் ஒரு சிறு காடி கீறிவிடுங்கள். இல்லையேல் துளையின் அடியில் அகப்பட்ட பசையும் காற்றும் வெளியேற வழியின்றிப் பலகையைப் பிளந்துவிடும். எங்கள் அலமாரியின் வெடிப்பு கோணலால் மட்டும் வந்ததன்று, இதனாலும் வந்தது.

கட்டில் சட்டத்தின் முனையில் போல்ட்டுக்கு இடும் துளை 4 அங்குல ஆழம் போகும். வழிக்கட்டை தொடக்கத்துக்கு மட்டும் உதவும்; அதன்பின் கட்டையை நீக்கிவிட்டுத் தொடர வேண்டிவரும். அங்கே ஒரு பழைய உபாயம் உண்டு. சட்டத்தை ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பிடித்துவிட்டு, துரப்பணப் பிட்டின் வழவழப்பான தண்டில் ஓர் இரும்பு வளையத்தைத் தளர்வாக மாட்டிச் சுற்றுங்கள். பிட் படுக்கைமட்டமாக இருந்தால் வளையம் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். நுனி தாழ்ந்தால் வளையம் நுனியை நோக்கி நகரும்; கைப்பிடி தாழ்ந்தால் நம்மை நோக்கி வரும். இது மேல்கீழ்ச் சாய்வைச் சொல்லும். இடவலச் சாய்வைச் சொல்லாது. அதற்கு உடன்வேலை செய்பவர் மேலிருந்து பார்த்துச் சொல்லவேண்டும். முனைத்துளை தனியாள் வேலை அன்று.

நம் மலைக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. நம் பட்டறை சரிவில் நிற்கிறது. முன்வாசல் சாலைமட்டம், பின்வாசலுக்கு வெளியே நாலரை அடிப் பள்ளம். பலகையைப் பள்ளத்தில் நிறுத்தினால் அதன் மேல்முனை பட்டறைத் தரைக்கு இரண்டரை அடி உயரத்தில், நம் இடுப்புக்கு நேரே வந்து நிற்கும். வாசற்படியோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு, இரு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தாக்கி, மேலிருந்து கீழாகத் துளையிடலாம். கையின் பாரமும் துரப்பணத்தின் பாரமும் நேர்கீழாக இறங்குவதால் சாய்வு குறைவு. சமவெளியில் இதற்கு மேடை கட்டவேண்டும். நமக்கு மலை கட்டிக்கொடுத்திருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஆகாது.

கோணிய துளையை என்ன செய்வது? பெரிதாக்கித் திருத்த முயலாதீர்கள். துளையில் பசையிட்டு முளையை முழுவதும் அடைத்து, உலர்ந்தபின் முனையோடு சமமாக அறுத்து, வழிக்கட்டை வைத்து மீண்டும் துளையிடுங்கள். முதல் நான்கு அலமாரிகளில் மூன்றை இவ்வாறு பிரித்து மீட்டோம். அவற்றை வாங்கியவர்கள் வேறு ஊரார். அடுத்த ஆண்டு ஒரு நூலகத்திற்கு ஆறு அலமாரிகள் செய்தோம், முனைத்துளைகள் 180. பூட்டும் நாளில் கொட்டாப்புளியை எடுக்கவே இல்லை. உள்ளங்கையால் தட்டினோம், இறங்கின. அவற்றில் நாற்பதுக்கு மேற்பட்ட துளைகளை இட்டவர் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு மாணவி. பரம்பரையாக அவருக்குத் தச்சு இல்லை. கொழுந்து பறிப்பவரின் மகள். நான்காவது அலமாரிதான் வாசகசாலையில் இருப்பது. அதை மட்டும் பிரிக்கவேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தோம்.

இவ்வளவும் சொன்னதால், துளை நேரானால் சாதி போய்விடும் என்று நாங்கள் கருதுவதாக எண்ணவேண்டாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக 1881-இல் அலபாமாவில் தொடங்கப்பட்ட டஸ்கிகீ பள்ளியில், புக்கர் வாஷிங்டன் மாணவர்களைக் கொண்டே செங்கல் சுடச் செய்தார். மூன்று சூளைகள் அடுத்தடுத்துக் கெட்டன. கையில் பணம் தீர்ந்தபோது தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார், அது தேறியது. அந்த நான்காவது சூளையை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் தொழிலில் தேறிக்கொள்வோம், உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அவர் போக்கை டுபாய்ஸ் எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு என்பதே எங்கள் எண்ணம். அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்பித்ததும் அதுவன்று. பிறப்பால் தொழில் விதிக்கப்படுவதை அவர் வேரோடு மறுத்தார். விரும்பியவர் விரும்பிய தொழிலைக் கற்கலாம் என்பது ஓர் உரிமை. வழிக்கட்டை அவ்வுரிமையைப் பயன்படுத்தும் கருவி. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

நம் குடும்பங்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோருக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இம்மலையில் தொடங்கப்பட்டன. அங்கும் தனியார் தோட்டங்களிலும் லைன் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளை, தோட்டத்தைச் சாராத ஒரு தொழிலைக் கையில் வைத்திருந்தால், ஓய்வு பெறும் தாய் தந்தையரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு ஒரு விடையாவது இருக்கும். இவ்வகுப்பில் பயின்ற சிலர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற மாதம் வந்து, தம் வழிக்கட்டையின் துளை அகன்றுவிட்டது, தூண் டிரிலைச் சற்று நேரம் தரமுடியுமா என்று கேட்டார். புதுக்கட்டையில் துளையிட்டுக்கொண்டு, பழையதை எங்களிடமே விட்டுச் சென்றார். அதைத்தான் இதோ மேசைமேல் வைத்திருக்கிறோம். மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம். எந்தத் துளை மிகுதியாக அகன்றிருக்கிறது, ஏன் என்று சொல்லுங்கள்.

முதிய ஆசாரி இன்று இல்லை. தாம் வைத்திருந்த கட்டையை அவர் எங்களுக்குத் தரவில்லை. "பார்த்துக்கிட்டீங்க இல்லே, போய்ச் செஞ்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எங்களுக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

பின்வாசலில் 7 அடிப் பலகைகள் நான்கு அறுத்துச் சீவி வைக்கப்பட்டுள்ளன. துரப்பணங்கள் இரண்டு உண்டு. மழை வருமுன் இருவர் இருவராக வாருங்கள். ஒருவர் துளையிடட்டும், ஒருவர் மேலிருந்து பார்க்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.